பொது என்று விட்டுவிட்ட கட்டம்

1

மலேசியாவின் ஈப்போவுக்கு வந்து பதினோரு வருடம் நிறைந்த அன்று நான் குடிநுழைவு அலுவலகத்தில் எண் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. வேலை அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது, அவ்வளவுதான்.

கவுன்ட்டரில் இருந்த மலாய்ப் பெண்மணி என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, நீங்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். படிவத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். கிளாஸ், ஆபரேஷன், ப்ராபர்ட்டி என்று மூன்று சொற்கள் அதில் இருந்தன. பள்ளிக்கூடமா என்று கேட்டார். இல்லை என்றேன். மருத்துவமனையா? இல்லை. அப்படியானால் வீடு, நிலம் வாங்கி விற்கிறீர்களா? அதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த மலாய் மொழி, சந்தையில் மீன் வாங்கப் போதும், இதற்குப் போதாது. கடைசியில் அவரே இரக்கப்பட்டு 'கம்ப்யூட்டர்' என்று தட்டிவிட்டுச் சிரித்தார்.

ஒரு தாள் குறைகிறது என்றும் சொன்னார். முதலாளி புதிய தேதியில் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும், இரண்டு வாரத்தில் கொண்டு வாருங்கள். என் அனுமதியில்தான் கணவர் முருகேசனும் மகள் யாழினியும் இங்கே இருக்கிறார்கள். முருகேசனுக்கு இந்த நாட்டில் சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பதினோரு வருடமாகச் சமைக்கிறார், மகளைப் பள்ளிக்கும் டியூஷனுக்கும் கொண்டுபோய் விடுகிறார். விருதுநகரில் லேத் பட்டறை நடத்தியவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை.

2

ஊரிலிருந்து போன் பேசுகிறவர்களும் அந்தப் பெண்மணி கேட்டதையேதான் கேட்கிறார்கள். ஆகவே ஒருமுறை எழுதிவிடுகிறேன்.

ஒரு மென்பொருளை எழுதுவதற்கு முன் அதைக் கணினியில் ஒரு கருவியைக் கொண்டு படமாக வரைவோம். வீடு கட்டுவதற்கு முன் வரைபடம் போடுவது மாதிரி. படம் முழுக்கப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வகையைக் குறிக்கும்: நோயாளி, நாற்காலி, வேன். அதைத்தான் கிளாஸ் என்பார்கள். பெட்டியின் கீழ்ப்பகுதியில் அந்த வகை என்னென்ன செய்யும் என்று எழுதுவோம். அந்தச் செயல்கள்தான் ஆபரேஷன். ஒரு செயலின் பெயர்மேல் இரண்டு முறை தட்டினால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். இந்தச் செயலுக்கு என்ன தகவல் கொடுக்க வேண்டும், அது என்ன திருப்பித் தரும், எதையாவது மாற்றுமா அல்லது பார்த்துச் சொல்வதோடு சரியா, யார் இதைக் கூப்பிடலாம், அதாவது செய்யச் சொல்லலாம், கூப்பிடுவதற்கு முன் எது உண்மையாக இருக்க வேண்டும், முடிந்தபின் எது உண்மையாகியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கட்டம். இவற்றைத்தான் ப்ராபர்ட்டி என்பார்கள். நிரப்பி முடித்தால் மென்பொருளின் எலும்புக்கூட்டை அந்தக் கருவியே எழுதிக் கொடுத்துவிடும்.

அவசரத்தில் இருப்பவர்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடுவார்கள். விட்டால் தப்பில்லை என்பதுபோல் கருவியும் ஒவ்வொரு கட்டத்திலும் எதையோ ஒன்றைப் போட்டு வைத்திருக்கும். யார் கூப்பிடலாம் என்ற கட்டத்தில் அது போட்டு வைத்திருப்பது 'பொது', அதாவது எந்தப் பெட்டியும் கூப்பிடலாம். படத்தில் ஒரு கூட்டல் குறியாகத் தெரியும். பெட்டிக்கு உள்ளே மட்டும் என்று மாற்றினால் கழித்தல் குறி.

இரண்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு சிறிய டயாலிசிஸ் நிலையத்துக்கு வேலை செய்தோம். சிறுநீரகம் பழுதானவர்கள் வாரம் மூன்று நாள் வந்து நாலு மணி நேரம் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போகும் இடம். சுங்காய், தாப்பா பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்தெல்லாம் வேனில் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஒரு நாற்காலி, குறித்த நாள், குறித்த நேரம். இடம் கிடைக்கக் காத்திருப்பவர்களின் வரிசை எப்போதும் நீளம்.

அங்கே தலைமைத் தாதி லெட்சுமி. முதல் நாள் நான் அவரை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டேன். அவர் திரும்பியே பார்க்கவில்லை. இங்கே தாதியை 'மிஸி' என்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. அன்றைக்கே, "ஒவ்வொரு கிளாஸுக்கும் என்னென்ன ஆபரேஷன்னு நீங்கதான் சொல்லணும்" என்றும் கேட்டு வைத்தேன்.

"ஆபரேஷன்லாம் இங்க பண்றதில்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

விளக்கிச் சொன்னதும் சிரித்தார். பிறகு நாற்காலியைப் பற்றிப் பேசினோம். அதற்கு 'விடுவி' என்று ஒரு செயல் வேண்டும்: நிரந்தர இடத்தை ஒருவரிடமிருந்து எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பது. அது எப்போது நடக்கலாம் என்று கேட்டேன்.

"அவங்க வாயால வேணாம்னு சொல்லணும். இல்லாட்டி செத்துப் போயிருக்கணும். வேற எப்படியும் எடுக்கக் கூடாது. நாந்தான் எடுப்பேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது."

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன். எங்கே எழுதினேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு, மனிதர்கள் படிப்பதற்கானது. 'முன் நிபந்தனை' என்ற கட்டம் வேறு. அதில் எழுதினால்தான் கருவி அதைச் சோதனையாக மாற்றி மென்பொருளுக்குள் வைக்கும். நான் குறிப்பில் எழுதினேன். யார் கூப்பிடலாம் என்ற கட்டத்தை 'பொது' என்றே விட்டுவிட்டேன். அன்று யாழினிக்குப் பள்ளியில் ஏதோ விழா, சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. காரணம் அவ்வளவுதான்.

3

குடிநுழைவு அலுவலகம் போய் வந்த அதே வாரம், புதன்கிழமை காலையில் லெட்சுமி கூப்பிட்டார். அவர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"மல்லிகா, அஞ்சலை அக்கா நாற்காலிய யாரு எடுத்தது? நா எடுக்கல."

அஞ்சலை சுங்காய்ப் பக்கத்துக்காரர். ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர், உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். திங்கள், புதன், வெள்ளி அவருடைய நாட்கள். அதற்கு முந்தைய வாரம் ஈப்போவிலேயே புந்தோங்கில் இருக்கும் தங்கைக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது என்று போய்த் தங்கியிருக்கிறார். அங்கிருந்து நிலையம் பக்கம். ஆகவே வேன் ஓட்டும் சேகரிடம் இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மூன்று நாளும் தானாகவே வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் மென்பொருளில் வேனுக்கான பகுதி பிறகு சேர்ந்தது. தொடர்ந்து மூன்று முறை வேனில் ஏறாதவரின் இடத்தை விடுவித்துவிடு என்று நிலையத்தார் கேட்டிருந்தார்கள். அவர்கள் சொன்னது வேனில் இருக்கும் இடத்தை. அந்தப் பகுதியை எழுதியவர், நாற்காலிப் பெட்டியில் 'விடுவி' என்ற செயல் பொதுவாகக் கிடக்கிறதே என்று அதைக் கூப்பிட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை அது தன் வேலையைச் செய்தது. அஞ்சலையின் நிரந்தர நாற்காலி காத்திருப்போரில் முதலில் இருந்த ஒருவருக்குப் போனது. வேன் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் போனது.

திங்கட்கிழமை அஞ்சலை ஊருக்குத் திரும்பிவிட்டார். சாலை முனையில் வேனுக்கு நின்றிருக்கிறார். வேன் வரவில்லை. சேகரைக் கூப்பிட்டபோது, "லிஸ்ட்ல ஒங்க பேரு இல்லக்கா. இன்னும் தங்கச்சி வீட்டுல இருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றிருக்கிறார். அன்று லெட்சுமிக்கு விடுப்பு. மற்ற தாதிகளுக்குத் திரையில் வேறொருவர் பெயர் தெரிந்தது, அவரும் வந்து உட்கார்ந்தார், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புதன்கிழமை அஞ்சலை சுங்காயிலிருந்து தாப்பாவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஈப்போவுக்கு ஒரு பஸ் என்று மாறி வந்து சேர்ந்தபோது, அவருக்குச் சிகிச்சை நடந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் நாற்காலியில் யாரோ படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்.

லெட்சுமி தன் காரிலேயே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

"இப்ப மெஷின்ல போட்டுருக்காங்க. அப்புறம் சொல்றேன். நீ மொதல்ல யாரு எடுத்ததுன்னு பாரு."

4

எங்கள் முதலாளி ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்த சீனர். பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். மென்பொருளின் பதிவேட்டைப் பார்த்ததில், 'விடுவி'யைக் கூப்பிட்டது வேன் பகுதிதான் என்று தெளிவாக இருந்தது. அதை எழுதியவள் வெய் லிங். தைப்பிங் பெண். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது, நிரந்தரம் ஆக்குவதா என்று அந்த வாரம் முடிவு செய்ய வேண்டும்.

முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். அவர் மேசையில் என் கடிதம் கையெழுத்துக்காகக் கிடந்தது, முந்தைய நாள் நான் வைத்தது. "ஒருவர் உயிர் போயிருக்கும். இதை எழுதும்போது என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?" என்று வெய் லிங்கைக் கேட்டார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன்.

இதை மழுப்பாமல் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரியும். 'விடுவி' எப்படிப் பொதுவாகக் கிடந்தது, நிபந்தனை ஏன் வேலை செய்யவில்லை என்று படத்தைத் திறந்து பார்க்காமலே தெரியும். ஆனாலும் சும்மா இருந்தேன்.

வெளியே வந்ததும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் வெய் லிங் என் பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அந்தச் செயல் பொது என்றுதானே இருந்தது? நான் கூப்பிட்டது தப்பா?" என்று மலாயும் ஆங்கிலமும் கலந்து கேட்டாள்.

"பார்ப்போம்" என்றேன்.

இடத்துக்கு வந்து 'விடுவி'யின் ஜன்னலைத் திரையில் திறந்தேன். என் பெயரில்தான் இருந்தது. கூட்டல் குறி, காலியான முன் நிபந்தனை, குறிப்பில் லெட்சுமி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை. 'அவங்க வாயால' என்பதை ஆங்கிலத்தில் எவ்வளவு ஒழுங்காக மொழிபெயர்த்திருந்தேன். அந்த வரியை எடுத்து முன் நிபந்தனைக் கட்டத்தில் ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. கை மவுஸின்மேல்தான் இருந்தது. மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

முருகேசனிடம் சொன்னேன். அவர் புளிக்குழம்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். "இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்கு" என்றார். கடிதம் கொடுக்க வேண்டிய கெடுவைத்தான் சொன்னார்.

யாழினி சாப்பிட வந்தாள். அனுமதி நீட்டிப்பு கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் பேசியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"கிடைக்கலன்னா ஒங்க ஊருக்கா போகணும்?" என்று கேட்டாள்.

"நம்ம ஊரு."

"ஒங்க ஊரு லா. எனக்கு அங்க யாரத் தெரியும்? அங்க போனா நா என்னா மொழியில பரீட்ச எழுதுவேன்?"

இரண்டு வயதில் வந்தவள். விருதுநகருக்குப் போனால் முடிவில் 'லா' போட்டு இவள் பேசும் தமிழைக் கேட்டு அத்தை வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பள்ளிப் பையை அவர்கள் 'பைக்கட்டு' என்றால் இவளுக்குப் புரியாது. இவள் 'பசியாறிட்டீங்களா' என்று கேட்டால், காலைச் சாப்பாட்டைக் கேட்கிறாள் என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. போன முறை ஊரிலிருந்து விமானம் இறங்கியதும், "வீட்டுக்கு வந்துட்டோம்" என்று அவள் சொன்னபோது முருகேசன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. கூட்டிக்கொண்டு வந்தது நாங்கள்.

சாப்பிட்டு முடிக்கும்போது லெட்சுமி கூப்பிட்டார்.

"அக்கா தேவலாம். மூச்சு நல்லா விடுறாங்க. ரெண்டு நாள் வச்சிருப்பாங்க."

"நல்லதாப் போச்சு."

"எங்கிட்ட ஒண்ணு கேட்டாங்க மல்லிகா. நா என்னா தப்பு பண்ணேன், ஏன் எடுத்தீங்கன்னு. தங்கச்சி வீட்டுக்குப் போனது தப்பான்னு. நா என்னா சொல்றது?"

அவர் காத்திருந்துவிட்டு வைத்துவிட்டார்.

5

மறுநாள் காலையில் முதலாளி வருவதற்கு முன்பே போய் நின்றேன். படத்தைத் திறந்து ஜன்னலைக் காட்டினேன். இது என் பெயர், இது நான் விட்ட கட்டம், இது நான் தப்பான இடத்தில் எழுதியது, வெய் லிங் பூட்டாத கதவைத்தான் திறந்திருக்கிறாள், பூட்டியிருக்க வேண்டியவள் நான் என்றேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் மற்றதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு வருடமாக இப்படியே இருந்ததா?"

"ஆமாம்."

"வேறு எத்தனை இப்படி இருக்கிறது?"

"தெரியாது. பார்க்க வேண்டும்."

"பாருங்கள்" என்றார். கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெய் லிங்கிடம் போய்ச் சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "நேற்று ராத்திரி அம்மாவிடம் தைப்பிங்குக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினாள். மதியம் வழக்கம்போல் எனக்கும் சேர்த்து தேநீர் வாங்கி வந்தாள், ஆனால் என்னோடு உட்கார்ந்து குடிக்கவில்லை.

அடுத்த ஒரு வாரம் நாங்கள் இருவரும் டயாலிசிஸ் நிலையத்தின் பின்னறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு செயலாகத் திறந்தோம். லெட்சுமி ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவில் வந்து பதில் சொன்னார். இதை யார் செய்யலாம்? எப்போது செய்யக் கூடாது? செய்து முடித்தால் யாருக்குச் சொல்ல வேண்டும்? பொது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது.

"பொது கக்கூஸ் மாதிரியா? யாரு வேணா பூந்துக்கலாமா?" என்றார்.

"ஏறக்குறைய."

"ஆயோ. இத்தன நாளு என் நாற்காலிங்கள இப்படியா போட்டு வச்சிருந்தீங்க?"

பாதிக்கு மேல் கூட்டல் குறிகள் கழித்தலாக மாறின. மருந்தளவை மாற்றும் செயலும் பொதுவாகத்தான் கிடந்தது. அதை இதுவரை யாரும் கூப்பிடவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். 'விடுவி'யை நானே நிரப்பினேன். முன் நிபந்தனை: நோயாளியின் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது இறப்பு பதிவாகியிருக்க வேண்டும். முடிந்தபின்: நோயாளிக்கோ குடும்பத்துக்கோ தகவல் போயிருக்க வேண்டும். கூப்பிடுவது தலைமைத் தாதியின் வழியாக மட்டும். வெய் லிங் இரண்டு முறை படித்துவிட்டு ஒரு சொல்லைத் திருத்தினாள்.

அஞ்சலையின் நாற்காலியைப் பெற்றவரும் பாவம், நம்பி வந்தவர். அவரை எழுப்பி அனுப்ப முடியாது. அவருக்குச் செவ்வாய், வியாழன், சனியில் ஓர் இடம் பண்ணுவதற்குள் லெட்சுமி போனும் கையுமாக அலைந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளிக்கிழமையே அஞ்சலை தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டுக் கடிதத்தைக் கொடுத்தார். வழக்கமாக இரண்டு வருடம் கேட்பார். இந்த முறை ஒன்று என்று எழுதியிருந்தது.

"நீங்கள் வரைவதை இனி வெய் லிங் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதற்குச் சம்மதமா?" என்றார்.

சம்மதம் என்றேன். அவளை நிரந்தரமாக்கிவிட்டார்கள் என்பது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

வீட்டில் சொன்னபோது முருகேசன் ஒரு வருடமா என்று மட்டும் கேட்டார். யாழினி மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்துத் தேதியைப் படித்தாள். தன் அடுத்த பரீட்சை அதற்குள் முடிந்துவிடுமா என்று விரல்விட்டு எண்ணினாள். முடிந்துவிடும்.

6

அஞ்சலையைப் பார்க்க வேண்டும் என்று லெட்சுமியிடம் சொன்னேன். நிலையத்தில் வைத்துப் பேசலாமே என்றார். ஊசி குத்திப் படுத்திருப்பவரிடம் போய்ச் சொல்வது சரியில்லை என்று தோன்றியது. ஒரு சனிக்கிழமை காலை முருகேசன் காரை எடுத்தார். யாழினியும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள்.

சுங்காய் தாண்டி உள்ளே போனால் இருபுறமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். அஞ்சலை இருந்த தோட்டம் முன்பு ரப்பராக இருந்தது. அவர் இப்போது இருப்பது சாலை ஓரத்தில் வரிசையாகக் கட்டிய மலிவுவிலை வீடுகளில் ஒன்று. வாசலில் செம்பருத்தி, துணி காயும் கொடி. கையில் டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி இரத்தக்குழாய் புடைத்திருக்கும் இடத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்.

"மிஸி சொன்னாங்க. உள்ள வாங்க. பசியாறிட்டு வந்தீங்களா?"

"பசியாறிட்டோம் அக்கா" என்று எங்களுக்கு முந்தி யாழினி பதில் சொன்னாள். அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். வழியில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. "அக்கா, ஒங்க நாற்காலி போனதுக்கு நீங்க ஒண்ணும் பண்ணல. தங்கச்சி வீட்டுக்குப் போனது தப்பே இல்ல. கம்ப்யூட்டர்ல நான் ஒரு எடத்த நிரப்பாம விட்டுட்டேன். அதுனாலதான்."

அவர் என்னையே பார்த்தார். "நீங்களா?"

"நான்தான்."

"வேணும்னு இல்லல்ல?"

"இல்ல அக்கா. கவனிக்கல."

முருகேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

"அன்னிக்கு அந்த ஆளு படுத்திருந்தத பாத்தப்ப, எனக்கு முடிஞ்சிபோச்சின்னு நெனச்சேன்" என்றார். "சண்ட போடக்கூட வரல. சரி, எடுத்துட்டாங்க, அவ்ளோதான்னு. தோட்டத்த வித்தப்பவும் அப்படித்தான். ஒரு நாளு காலையில ஒரு காடி வந்து நின்னிச்சி, எறங்குனவன் நாங்க இருந்த லயத்து வீட்டயெல்லாம் காலி பண்ணுங்கன்னான். யாரும் எங்களக் கேக்கல. கேக்கணும்னு எங்களுக்கும் தெரியல."

நான் என்ன மாற்றியிருக்கிறோம் என்று சொன்னேன். பெட்டி, கட்டம் என்றெல்லாம் சொல்லவில்லை. இனி உங்கள் நாற்காலியை எடுப்பது என்றால் முதலில் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் சரி என்று சொன்னது பதிவாகாமல் அது நகராது, லெட்சுமி மிஸியே நினைத்தாலும் நகராது என்றேன்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு."

"என் பேரு போட்டா?"

"பேரு போடல அக்கா. நோயாளின்னு போட்டிருக்கு. அங்க வர்ற எல்லாருக்கும் அதுதான்."

"எல்லாருக்குமா?" என்று இன்னொரு முறை கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அடுப்பில் தண்ணீர் வைக்கப் போகிறவர் மாதிரி இரண்டடி நடந்துவிட்டு நின்று திரும்பினார்.

"நாங்க கையெழுத்துப் போட்ட தாளு நெறைய இருக்கு தங்கச்சி. எங்களக் கேக்கணும்னு எழுதின தாளு ஒண்ணு இருக்குன்னு இப்பத்தான் கேக்குறேன்."

பிறகு யாழினியைப் பார்த்து, "பிள்ள, உள்ள வா. சீனி எவ்ளோ போடணும்னு நீயே வந்து சொல்லு" என்றார். அவள் செருப்பை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள்.